திரை பெரிதாகத் தெரியுதா, கறுத்துப்போச்சா? லினக்ஸ் கணினியில் எதை முதலில் பார்ப்பது

கிளிநொச்சி, மல்லாவி, புதுக்குடியிருப்புப் பக்கத்தால் என்னிடம் வருகிற பெட்டிகளில் அனேகமானவை வேறெங்கோ ஒரு கந்தோரில் ஆண்டுக்கணக்கில் உழைத்துவிட்டு வந்தவை. பெட்டி ஒரு இடத்தால், மொனிட்டர் இன்னொரு இடத்தால், கேபிள் யாரோ இரவல் தந்தது. புதிய விண்டோஸ் அதில் இழுக்காது என்று உபுண்டுவோ லினக்ஸ் மின்டோ போடுகிறார்கள். நல்ல வேலைதான். ஆனால் திரை ஒழுங்காக வராவிட்டால் எல்லாரும் சொல்வது ஒன்றே: “ட்ரைவர் இல்லை.” அதன்பிறகு போனின் டேற்றாவைக் கொட்டி எதையெதையோ இறக்கி, கடைசியில் பெட்டி தொடங்கவே மாட்டேன் என்று நிற்கும்.

ட்ரைவர் என்பது கிராபிக்ஸ் சில்லை இயக்குகிற மென்பொருள். இன்டெல், ஏஎம்டி கிராபிக்ஸுக்கு வேண்டிய ட்ரைவர் லினக்ஸோடு கூடவே வருகிறது. தனியாக இறக்க ஒன்றுமில்லை. தனி ட்ரைவர் என்ற கதை என்விடியா கிராபிக்ஸ் காட்டுக்கு (அட்டைக்கு) மட்டும்தான், அதிலும் எல்லாவற்றுக்கும் இல்லை. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி “எந்த ட்ரைவர்?” என்பதல்ல. “என்னோடு என்ன மொனிட்டர் பூட்டியிருக்கிறது என்று பெட்டி நினைக்கிறது?” என்பதுதான்.

கட்டளைகளைப் போனில் சொல்வதுபோல எழுத்தெழுத்தாகத் தந்திருக்கிறேன். தட்டும்போது எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்து.

கை வைக்க முதல்

டேர்மினலை (கட்டளை தட்டுகிற சாளரத்தை) திறந்து எல் எஸ் பி சி ஐ, ஒரு இடைவெளி, கழித்தல் குறி, கே என்று தட்டுங்கள். வருகிற நீண்ட பட்டியலில் ‘விஜிஏ’ என்ற சொல் உள்ள வரியைப் பிடியுங்கள். அதில் காட்டின் பெயர் இருக்கும். அதற்குக் கீழே ‘கேர்னல் ட்ரைவர் இன் யூஸ்’ என்றொரு வரி. இன்டெல் என்றால் அங்கே ஐ915 என்று நிற்கும். ஏஎம்டி என்றால் ரேடியன் அல்லது ஏஎம்டிஜிபியூ. என்விடியா என்றால் நூவோ (லினக்ஸோடு வருவது) அல்லது என்விடியா (கம்பனியின் சொந்த ட்ரைவர்). அந்த வரி இருந்தால் ட்ரைவர் வேலை செய்கிறது, ட்ரைவர் கதையை அத்தோடு விடலாம். வரியே இல்லையென்றால்தான் ட்ரைவர் ஏறவில்லை.

அடுத்தது எக்ஸ் ஆர் ஏ என் டி ஆர். ஒரே சொல், இடைவெளி இல்லை. இது பூட்டியிருக்கிற மொனிட்டரின் பெயரையும் (விஜிஏ-1, எச்டிஎம்ஐ-1 என்பதுபோல) கிடைக்கக்கூடிய அளவுகளையும் காட்டும். மொனிட்டருக்கு இயல்பான அளவுக்குப் பக்கத்தில் கூட்டல் குறி நிற்கும், இப்போது ஓடுகிற அளவுக்கு நட்சத்திரம். இந்தக் குறிகளை மறக்காதீர்கள். ஆனால் உபுண்டுவின் வேலேண்ட் முறையில் (திரையில் படம் காட்டுகிற புதிய வழி) இந்தப் பட்டியலும் குறிகளும் மொனிட்டர் சொன்னவையாகவே இருக்க வேண்டியதில்லை.

இன்னும் ஒன்று. லினக்ஸ் போட்ட யூஎஸ்பி குச்சி கைவசம் இருந்தால், நிறுவாமல் அதிலிருந்தே ஒருக்கால் பெட்டியைத் தொடக்கிப் பாருங்கள். அங்கே திரை சரியாக வந்தால் பொருளில் பிழையில்லை, உள்ளே யாரோ மாற்றிய ஏதோ ஒன்றில்தான் பிழை. அங்கேயும் அதே கூத்து என்றால் கேபிள், கன்வேட்டர், மொனிட்டர் என்று வெளியே தேடுங்கள். டேற்றா ஒரு எம்பியும் போகாது.

“எல்லாம் பெரிசாக் கிடக்கு, 1024க்கு மேலை போகுதில்லை”

பத்துப் பேர் கூப்பிட்டால் அரைவாசிக்கு மேல் இதற்காகத்தான். 1366×768 மொனிட்டரில் 1024×768 ஓடுகிறது. வட்டம் முட்டையாகத் தெரிகிறது. எழுத்து மங்கி, ண எது ன எது என்று உற்றுப் பார்க்க வேண்டியிருக்கிறது. இதற்குக் காரணம் இரண்டில் ஒன்று. எது என்று எக்ஸ் ஆர் ஏ என் டி ஆர் பட்டியலே சொல்லிவிடும்.

பட்டியலில் விஜிஏ-1, எச்டிஎம்ஐ-1 போன்ற பெயரே இல்லாமல் ‘டிஃபோல்ட்’ என்றோ ‘நன்-1’ என்றோ வருகிறதா? அளவும் ஒன்றே ஒன்றுதான் நிற்கிறதா? அப்படியென்றால் யாரோ நோமோட்செட் (என் ஓ எம் ஓ டி ஈ எஸ் ஈ டி) போட்டுவிட்டார்கள். நிறுவும்போது திரை கறுத்தால் இந்தச் சொல்லைத் தற்காலிகமாகச் சேர்ப்பது வழக்கம். அது கிராபிக்ஸ் ட்ரைவரை ஒதுங்கி நிற்கச் சொல்கிற கட்டளை. பிறகு கழற்ற மறந்துவிட்டால் பெட்டி காலம் முழுக்க நொண்டும். ‘கிராபிக்ஸ் செய்து தந்தம்’ என்று காசு வாங்கிவிட்டு இதைப் போட்டு அனுப்புகிறவர்களும் உண்டு.

பார்ப்பதற்கு: கேட் (சி ஏ டி), இடைவெளி, சாய்கோடு, பி ஆர் ஓ சி, சாய்கோடு, சி எம் டி எல் ஐ என் ஈ. வருகிற வரியில் நோமோட்செட் இருந்தால் கள்ளன் பிடிபட்டான். ஈடிசி ஃபோல்டருக்குள் டிஃபோல்ட், அதற்குள் கிரப் என்ற ஃபைல். கிரப் என்பது பெட்டி தொடங்கும்போது லினக்ஸை ஏற்றிவிடுகிற புரோகிராம். அதை சூடோ (எஸ் யூ டி ஓ, நிர்வாகி உரிமை) நானோ (என் ஏ என் ஓ, ஃபைலைத் திருத்துகிற புரோகிராம்) கொண்டு திறந்து, மேற்கோள் குறிக்குள் இருக்கிற நோமோட்செட்டை மட்டும் அழியுங்கள். குவையட், ஸ்பிளாஷ் என்பவை இருக்கட்டும். அதே ஃபைலில் ‘லினக்ஸ்’ என்று முடிகிற இன்னொரு வரியும் உண்டு, அதையும் பாருங்கள், சிலர் அங்கே ஒளித்து வைப்பார்கள். சேமித்து வெளியே வந்து சூடோ, அப்டேட், கழித்தல் குறி, கிரப் (அப்டேட்-கிரப் ஒரே சொல்லாக) கொடுத்து ரீஸ்டாட் செய்தால் போதும்.

மற்றக் காரணம் கேபிள். பட்டியலில் விஜிஏ-1 என்ற பெயர் ஒழுங்காக இருக்கிறது, ஆனால் 1024×768, 800×600, 848×480, 640×480 ஆகியவை மட்டும் நிற்கின்றன, கூட்டல் குறி எதற்கும் இல்லை. இந்த நாலும் சேர்ந்து நின்றால் பெட்டிக்கு மொனிட்டரின் விபரம் கிடைக்கவில்லை என்று அர்த்தம். ஒவ்வொரு மொனிட்டரும் தன் அளவுகளை எழுதி வைத்திருக்கிற ஒரு சின்னச் சில்லு உண்டு. ஈடிஐடி என்ற அந்தத் தகவல் வெறும் 128 பைட்தான். அது கேபிளுக்குள்ளால் வந்து சேராவிட்டால் லினக்ஸ் ‘ஆபத்தில்லாத’ இந்த நாலு அளவைத் தானே எடுத்துக்கொள்ளும். எந்த ட்ரைவரைப் போட்டாலும் இது மாறாது.

இந்த வருசம் தவணைப் பரீட்சை நேரம் ஒட்டுசுட்டான் பக்கத்தால் ஒரு ரீச்சர் எடுத்தா.

“தம்பி, கேள்வித்தாள் அடிக்கேக்கை எழுத்தெல்லாம் பரந்து போய்க் கிடக்கு. அந்த ட்ரைவரை ஒருக்கா அனுப்பி விடுமன்.”

“ட்ரைவர் பிறகு பாப்பம் ரீச்சர். மொனிட்டர் வயரைக் கழட்டி அதின்ரை வாயைப் பாருங்கோ. அகலப் பக்கம் மேலை. கீழ் வரிசையிலை இடப்பக்கத்தாலை ரெண்டாவது ஊசி நேராய் நிக்குதோ?”

“அது… மடிஞ்சு உள்ளுக்கை படுத்துக் கிடக்கு.”

விஜிஏ கேபிளின் வாயில் மூன்று வரிசை, 15 ஊசி. நேரே பார்த்தால் மேல் வரிசை இடமிருந்து வலம் 1 முதல் 5, நடுவே 6 முதல் 10, கீழே 11 முதல் 15. மொனிட்டரின் விபரம் வருவது 12ஆவது, 15ஆவது ஊசிகளால். அதாவது கீழ் வரிசையில் இடமிருந்து இரண்டாவதும் வலக்கோடியும். இவற்றில் ஒன்று மடிந்தாலும் உடைந்தாலும் படம் வரும், அளவு வராது. படம் வருவதால்தான் யாரும் கேபிளைச் சந்தேகிப்பதில்லை. 9ஆவது ஊசி பல கேபிள்களில் பிறவியிலேயே இல்லை, அதைக் கண்டு பயப்படத் தேவையில்லை. மடிந்த ஊசியை நிமிர்த்த, லீட் எடுத்துவிட்ட புஷ் பென்சிலின் முனையை அதற்குள் செருகி மெதுவாக நிமிர்த்துங்கள். குறட்டால் பிடித்தால் உடையும். கார்த்திகை, மார்கழி ஈரத்துக்குப் பிறகு ஊசியில் பச்சை பூத்திருந்தால் துடைத்துப் பாருங்கள். நல்ல கேபிள் ஒன்றை அயலில் இரவல் வாங்கி மாற்றிப் பார்ப்பது இதெல்லாவற்றிலும் இலகு. மொனிட்டரோடே ஒட்டிப் பிறந்த கேபிள் என்றால்தான் தலையிடி.

எச்டிஎம்ஐயை விஜிஏயாக மாற்றுகிற மலிவுக் கன்வேட்டர்களும் இதே வேலையைச் செய்யும். மொனிட்டரின் விபரத்தைக் கடத்தாமல் விழுங்கிவிடும். பெட்டியில் விஜிஏ வாய் இருந்தால் கன்வேட்டரைக் கழற்றிவிட்டு நேரே பூட்டிப் பாருங்கள்.

கேபிளை மாற்ற வழியே இல்லையென்றால் அளவைக் கட்டாயப்படுத்தலாம். முன்சொன்ன கிரப் ஃபைலில் ஸ்பிளாஷ் என்ற சொல்லுக்குப் பிறகு ஒரு இடைவெளி விட்டு: வீடியோ (வி ஐ டி ஈ ஓ), சமன் குறி, விஜிஏ-1 (இது மட்டும் பெரிய எழுத்தில்), முக்காற்புள்ளி, 1360, சிறிய எக்ஸ் எழுத்து, 768, அட் குறி, 60. பிறகு அப்டேட்-கிரப், ரீஸ்டாட். ஏன் 1366 இல்லாமல் 1360? இந்தக் கணக்குகள் எட்டால் பிரிபடுகிற அகலத்தை விரும்பும். 1366 எட்டால் பிரிபடாது. சி வி டி என்ற கட்டளைக்கு 1366 என்று கொடுத்தால் அது தானாக 1368 ஆக்கித் தரும். 1360×768 மொனிட்டர்களுக்குப் பழகிய அளவு, ஓரத்தில் ஆறு புள்ளி போவதைக் கண் பிடிக்காது. மொனிட்டரின் ஓட்டோ பட்டனை ஒருக்கால் அமத்துங்கள், படம் நடுவுக்கு வந்துவிடும்.

இணையத்தில் எக்ஸ் ஆர் ஏ என் டி ஆர் கொண்டே புதிய அளவு சேர்க்கிற வழியும் கிடக்கிறது. மின்டில் வேலை செய்யும். உபுண்டுவின் இப்போதைய வேலேண்ட் முறையில் அந்தக் கட்டளை பட்டியலைக் காட்டும், மாற்ற விடாது. 25.10 பதிப்போடு, படம் காட்டுகிற பழைய வழியான எக்ஸோர்க் முறைக்குள் நுழைகிற வாசலையும் உபுண்டு எடுத்துவிட்டது. கிரப் வழி இரண்டுக்கும் பொருந்தும், நான் அதையே சொல்கிறேன்.

“அப்டேட் குடுத்தன், இப்ப கறுப்புத் திரைதான்”

என்விடியா காட் உள்ள பெட்டியில் வருகிற வருத்தம். முதலில் உள்ளே போக வழி. பெட்டி தொடங்கும்போது ஷிஃப்டை அமத்திப் பிடியுங்கள். புதிய பெட்டி என்றால் எஸ்கேப்பை ஒருக்கால் தட்டுங்கள். கிரப் பட்டியல் வரும். ‘அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ்’ உள்ளே போய் பழைய கேர்னலை (லினக்ஸின் மையக் கரு) தெரிந்து பாருங்கள். அதில் திரை வந்தால் புதிய கேர்னலுக்கு ட்ரைவர் கட்டப்படவில்லை என்று விளங்கிக்கொள்ளலாம். பழையதும் கறுத்தால், முதல் வரியில் நின்று ஈ எழுத்தைத் தட்டி, லினக்ஸ் என்று தொடங்குகிற வரியின் கடைசியில் நோமோட்செட் சேர்த்து எஃப்10 அமத்துங்கள். இது இந்த ஒரு முறைக்கு மட்டும்தான் நிற்கும். அந்தச் சொல் நல்லதுக்குப் பயன்படுகிற இடம் இது.

எங்கள் பக்கத்தில் இதற்கு முதற் காரணம் கரண்ட். அப்டேட் பாதியில் நிற்கும்போது கரண்ட் போனால் எல்லாம் அரைகுறையாகக் கிடக்கும். கொன்ட்ரோல், ஓல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அமத்தினால் எழுத்து மட்டும் உள்ள திரை வரும். பெயரும் பாஸ்வேட்டும் கொடுத்து உள்ளே போய் (பாஸ்வேட் அடிக்கும்போது ஒன்றும் தெரியாது, அது அப்படித்தான்) சூடோ டி பி கே ஜி, இடைவெளி, இரண்டு கழித்தல் குறி, கொன்ஃபிகர், இடைவெளி, கழித்தல் குறி ஏ. விட்ட இடத்திலிருந்து கட்டி முடிக்கும். பலருக்கு இந்த ஒரு வரியோடு திரை வந்துவிடுகிறது. யூபிஎஸ் இல்லாமல் பெரிய அப்டேட் கொடுக்காதீர்கள், முக்கியமாக இடி முழங்குகிற ஐப்பசிப் பின்னேரங்களில்.

அதற்கும் சரிவராவிட்டால் சூடோ ஏ பி டி பேர்ஜ் என்று போட்டு என்விடியா பொதிகளை முழுக்க எடுத்துவிடுங்கள். நூவோ தானாகத் திரும்பி வரும். திரை வந்த பிறகு ஆறுதலாக யோசிக்கலாம்.

யோசிக்கும்போது காட்டின் பெயரைப் பாருங்கள். ஜிஃபோர்ஸ் 210க்கான கடைசி ட்ரைவர் 340 வரிசை, என்விடியா அதை 2019இன் முடிவோடு கைவிட்டது. ஜிடி 610க்கு 390 வரிசை, அது 2022இல் முடிந்தது. ஜிடி 710க்கு 470, அதுவும் 2024இல் முடிந்தது. ஜிடி 730 என்ற பெயரிலேயே இரண்டு விதச் சில்லு விற்றார்கள். ஒன்று 610இன் குடும்பம், மற்றது 710இன் குடும்பம். பெட்டியில் ஒட்டியிருக்கிற பெயரை நம்பாமல் எல் எஸ் பி சி ஐ வரியில் ஜிஎஃப் என்று தொடங்குகிறதா ஜிகே என்று தொடங்குகிறதா பாருங்கள். ஜிஎஃப் என்றால் 390, ஜிகே என்றால் 470. இந்தக் கைவிட்ட ட்ரைவர்களைப் புதிய கேர்னலோடு கட்டிப் போராடுவது வீண் வேலை. நூவோவோடு விடுங்கள். கேள்வித்தாள் அடிக்கவும் வகுப்புக்கு வீடியோ போடவும் அது போதும்.

210 பூட்டிய பெட்டிகளுக்கு நான் சொல்வது இன்னும் கொடுமையானது: காட்டைக் கழற்றுங்கள். மூன்றாந் தலைமுறை ஐ5க்குள் இருக்கிற இன்டெல் கிராபிக்ஸே அதைவிட மேல். காற்றாடியில் அப்பியிருக்கிற செம்மண் தூசியும் சூடும் மிச்சம்.

புதிய காட் என்றால் மின்டில் ‘ட்ரைவர் மனேஜர்’, உபுண்டுவில் ‘அடிஷனல் ட்ரைவர்ஸ்’. அங்கே பரிந்துரைத்ததை மட்டும் எடுங்கள். என்விடியா தளத்தில் நேரே இறக்குகிற ஃபைலைத் தொடாதீர்கள், அடுத்த கேர்னல் அப்டேட்டில் அதுவே உங்களைக் கவிழ்க்கும். செக்யூர் பூட் (அங்கீகாரமில்லாத ட்ரைவரை ஏற விடாத காவல்) இயங்குகிற பெட்டி என்றால் நிறுவும்போது ஒரு பாஸ்வேட் கேட்கும், ரீஸ்டாட் செய்ததும் ஒரு நீலத் திரை வரும். எல்லாரும் அதைக் கண்டு பயந்து ‘கன்டினியூ பூட்’ கொடுத்துவிடுகிறார்கள். ட்ரைவர் ஏறாமல் போவது அங்கேதான். ‘என்ரோல் எம்ஓகே’ தெரிந்து, அதே பாஸ்வேட்டைக் கொடுக்க வேண்டும்.

“பாஸ்வேட் குடுக்கும் வரைக்கும் வருது, பிறகு ‘அவுட் ஒஃப் ரேஞ்ச்’ எண்டுது”

மொனிட்டருக்குத் தாங்காத அளவையோ வேகத்தையோ யாரோ தெரிந்துவிட்டார்கள். அல்லது பெரிய மொனிட்டரில் வைத்த அளவை அப்படியே சின்ன மொனிட்டரில் பூட்டிவிட்டார்கள். உபுண்டு அதை மொனிட்டர்ஸ் டொட் எக்ஸ் எம் எல் என்ற ஃபைலில் நினைவு வைத்திருக்கும். கொன்ட்ரோல், ஓல்ட், எஃப்3 போட்டு உள்ளே போய், வீட்டு ஃபோல்டரில் புள்ளியோடு தொடங்குகிற கொன்ஃபிக் ஃபோல்டருக்குள் அந்த ஃபைலை ஆர் எம் கொண்டு அழித்து ரீஸ்டாட் செய்யுங்கள். பிறகு 60 ஹெர்ட்ஸிலேயே இருங்கள். கந்தோர் மொனிட்டர்களுக்கு 75இல் ஒரு இலாபமும் இல்லை.

“ரிவியிலை போட்டால் ஓரம் வெட்டுப்படுது”

ரிவி தானாகப் படத்தைக் கொஞ்சம் பெருப்பிக்கிறது. பழைய ஒளிபரப்புக் காலத்துப் பழக்கம் அது. கணினியில் எதையும் மாற்ற முதல் ரிவியின் ரிமோட்டை எடுங்கள். பட அளவு இருக்கிற மெனுவில் ‘ஜஸ்ட் ஸ்கான்’, ‘ஸ்கிரீன் ஃபிட்’, ‘ஃபுல் பிக்சல்’ என்று கம்பனிக்கொரு பெயரில் இருக்கும். 32 அங்குல ‘எச்டி ரெடி’ ரிவியில் 1080 தெரிந்தால் எழுத்து துடிக்கும். 1280×720 வைத்தால் கண்ணுக்குச் சுகம்.

“நிறம் மாறிப்போச்சு”, “வரி வரியாய் ஓடுது”

முழுத்திரையும் மஞ்சளாக இருந்தால் நீலம் வரவில்லை: விஜிஏ மேல் வரிசையில் 3ஆவது ஊசி. ஊதாச் சிவப்பு என்றால் பச்சை வரவில்லை: 2ஆவது. நீலப்பச்சை என்றால் சிவப்பு இல்லை: 1ஆவது. மென்பொருளால் இதைத் திருத்த முடியாது. கேபிளை ஆட்டிப் பார்க்கும்போது நிறம் வந்து வந்து போனால் வேறு சாட்சி வேண்டாம்.

வரிகள் மெதுவாக மேலேறினால் பெட்டியும் மொனிட்டரும் வேறு வேறு பிளக்கில் இருக்கின்றனவா பாருங்கள். இரண்டையும் ஏர்த் உள்ள ஒரே பிளக் பேஸுக்கு மாற்றினால் பெரும்பாலும் நின்றுவிடும். ஏர்த் ஊசியை முறித்துவிட்டு எரிய விடுகிற பழக்கம் எங்களுக்குண்டு. அதன் பலன்களில் இது சின்னது.

“படம் வருது, ஆனால் எல்லாம் இழுபடுது”

செட்டிங்ஸில் ‘எபவுட்’ பகுதிக்குப் போய் கிராபிக்ஸ் என்ற வரியைப் பாருங்கள். அங்கே எல்எல்விஎம்பைப் என்று இருந்தால் கிராபிக்ஸ் சில்லு சும்மா இருக்கிறது, அதன் வேலையையும் சேர்த்து புரொசசர் சுமக்கிறது. மேலே சொன்ன நோமோட்செட்டைத் தேடுங்கள். அனேகமாக அதுதான். அது இல்லையென்றால் எல் எஸ் பி சி ஐ வரிக்குத் திரும்பிப் போய் ட்ரைவர் ஏறியிருக்கிறதா பாருங்கள்.

“மவுஸ் வலப்பக்கத்தாலை வெளியிலை போகுது”

ஒரே மொனிட்டர்தான், ஆனால் செட்டிங்ஸில் இரண்டு காட்டுகிறது. பழைய இன்டெல் மதர்போட்கள் சிலவற்றில் இல்லாத லப்டொப் திரை ஒன்று இருப்பதாகப் பெட்டி நம்பிக்கொள்ளும். எக்ஸ் ஆர் ஏ என் டி ஆர் பட்டியலில் எல்விடிஎஸ்-1 என்று ஒன்று ‘கனெக்டட்’ என்று நிற்கும். பாஸ்வேட் கேட்கிற கட்டம் அந்தப் பேய்த் திரையில் போய் விழுந்துவிட்டால், வெறும் பின்னணிப் படத்தைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். கிரப் ஃபைலில் வீடியோ, சமன் குறி, பெரிய எழுத்தில் எல்விடிஎஸ்-1, முக்காற்புள்ளி, சிறிய டி. பிறகு அப்டேட்-கிரப். திரை ஒன்றாகிவிடும்.

தனிக் காட் பூட்டிய பெட்டியில் திரையே வராவிட்டால், இதையெல்லாம் தொட முதல் பின்னால் எட்டிப் பாருங்கள். கேபிள் காட்டில் இல்லாமல் மதர்போட்டின் வாயில் செருகியிருக்கும். காட்டில் சரியாகச் செருகியும் வரவில்லை, முதல் நாள் இடி முழங்கியது என்றால் காட்டின் மற்ற வாயிலும், காட்டைக் கழற்றிவிட்டு மதர்போட் வாயிலும் போட்டுப் பாருங்கள். இடி பல வேளை ஒரு வாயை மட்டும்தான் கொண்டுபோகும்.